நீ தடுக்காத பெனால்ரி

மச்சான், உன் நினைவு மலரின் புரூஃப் பிரதி என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. இங்கே லண்டனில் அச்சடிக்கும் கடையிலிருந்து உன் மகள் நேரே கொண்டுவந்து தந்தாள். மை வாசம் இன்னும் போகவில்லை. "மாமா, பிழை இருந்தா திருத்துங்கோ, நாளைக்கு அடிக்கக் குடுக்கவேணும்" என்றாள். ஒன்பதாம் பக்கத்தில் எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணியின் படம். கீழே, 'அப்பாவின் உயிரைக் காத்த நண்பர்' என்று என் பெயர்.

ஊரில் சண்டைக்காலத்து அந்த ஆட்டப் பருவத்தைப் பதினெட்டுப் பேரோடு தொடங்கினோம். சிலர் கொழும்புக்கு, சிலர் கனடாவுக்கு. ஒருவனைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. அரையிறுதிக்கு மினிபஸ்ஸில் ஏறியபோது சரியாகப் பதினொரு பேர். எங்கள் மைதானத்தில் பேருக்கும் புல் இல்லை. கட்டாந்தரையில் பாய்ந்து பாய்ந்து உன் முழங்கையும் முழங்காலும் ஒருநாளும் ஆறியதில்லை. கோல் காப்பவன் நீ. "கோலிக்குத் தோல் எதுக்கடா" என்பாய்.

வழியில் ஆமியின் சென்றிச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் முதலில் பார்ப்பதே முழங்கையையும் முழங்காலையும்தான். இயக்கத்தில் பயிற்சி எடுத்து ஊர்ந்தவனுக்கு அங்கேதான் தழும்பு இருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. உன்னைக் கண்டதும் தனியே இழுத்துவிட்டார்கள். அப்படி இழுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று நமக்குத் தெரியும். நான் அணியின் கப்டன் என்று சொல்லி, கல்லூரி அதிபரின் கடிதத்தை நீட்டினேன். அதிகாரி அதை வாங்கவே இல்லை. இரண்டு தார்ப்பீப்பாய்களைக் காட்டி, அரைகுறைத் தமிழில், "இவன் கோலியா? அங்க நிக்கட்டும். நீ அடி" என்றான்.

பந்தை வைத்தேன். பீப்பாய்களுக்கு நடுவே குனிந்து நின்று என்னையே பார்த்தாய். நேரே உன் கைக்கு அடித்திருக்கலாம். ஓடிவந்து இடது மூலைக்கு இழுத்து அடித்தேன். கல்லுக்கு மேலே முழு நீளத்துக்குப் பாய்ந்தாய். பந்து உள்ளே போய்விட்டது. ஆமிக்காரரின் துவக்குகள் உன் பக்கம் திரும்பின. நீ எழும்பவில்லை. அதிகாரி கிட்டப் போய், பழைய தழும்பு இருந்த அதே முழங்கையிலிருந்து புது இரத்தம் கல்லில் வழிவதை நெடுநேரம் பார்த்தான். பிறகு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அன்று மூன்று கோலால் தோற்றோம். ஒருவரும் கவலைப்படவில்லை.

லண்டனில் எந்தக் கலியாண வீட்டிலும் நீ இதைச் சொல்லாமல் விட்டதில்லை. "மெல்ல அடிச்சிருந்தா நடிக்கிறம் எண்டு பிடிச்சிருப்பாங்கள். இவன் யோசிச்செல்லோ அடிச்சவன்!" நான் தலையை ஆட்டிக்கொண்டு சோற்றைப் பிசைவேன்.

நான் யோசிக்கவில்லையடா. ஓடிவரும்போது மூலை வெறுமையாகத் தெரிந்தது. அந்த நொடியில் உன்னை மறந்தே போனேன். கோல் போடத்தான் அடித்தேன்.

இன்று பின்னேரம் உன் மகளுக்குப் போன் எடுத்து இதைச் சொன்னேன். அவள், "ஓம் மாமா, அப்பாவுக்குத் தெரியும். 'அவனுக்குக் கோலைக் கண்டா ஆள் தெரியாது. நான் இப்பிடிச் சொல்லாட்டி மனசுக்குள்ளையே புழுங்கிச் செத்துப்போவான்' எண்டு அம்மாட்டைச் சொல்லுறவர்" என்றாள்.

பக்கத்தை என்ன செய்வது என்று கேட்டாள். படத்துக்குக் கீழே, 'நண்பரின் உயிரைக் காத்த அப்பா' என்று மாற்றிப் போடச் சொன்னேன். நீ இருக்கும்போது உன் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல ஏலாமல் போனதுதான், மச்சான், எனக்கு இனி ஆறாது.