ஆளுயரப் படம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. உன் சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். என் வீட்டுக்காரர் தவறிப்போனதற்கு நீ வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள். மேடைக்கு ஆளுயரப் படம் வேண்டுமாம். அவ்வளவு பெரிதாகப் போட உன் ஸ்டுடியோவை விட்டால் வேறு இடம் இல்லை. படம் என்றாலே அவர் ஓடிவிடுவார், உனக்குத் தெரியாததா? அவர் சிரிக்கிற நெகட்டிவ், இதோடு வைத்திருக்கிற இந்த ஒன்றுதான். சின்னவள் அப்பா முகத்தை மறந்துகொண்டு வருகிறாள். எனக்காக வேண்டாம், அவளுக்காகச் செய்.

உன் தங்கை

மார்ச் 12

என் செல்லக் கழுதைக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். எனக்கு நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாயே, அந்தத் தெம்பெல்லாம் இப்போது எங்கேடி போச்சு? கோபிக்காதே, சும்மா சீண்டினேன்.

வாத்தியாரைப் பெரிசு பண்ணுவது லேசா? என்லார்ஜர் தலையைப் படுக்கப் போட்டு, எதிர்ச் சுவரில் பேப்பரைக் குத்தி விளக்கைப் போட்டால், மூக்கே என் உள்ளங்கை அகலம்! இந்த மூக்குக்காகவா நாம் ரெண்டு பேரும் அடித்துக்கொண்டோம்?

மருந்தில் முக்கி எடுக்க இந்த அளவுக்குத் தட்டு கிடையாது. தரையில் விரித்து மருந்தைப் பஞ்சால்தான் தடவணும். முதலில் டெவலப்பர், படம் எழும்பும். அப்புறம் ஹைப்போ. அது பட்ட இடம் நிலைக்கும், படாத இடம் வெளிச்சத்தில் கறுத்துப்போகும். குனிந்து குனிந்து என் இடுப்பு போச்சு.

கறுப்புத் தாளில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு பிரி. முன்னாடியே பிரித்தால் தூசி படியும்.

அக்கா

மார்ச் 25

அக்கா,

தாளைப் பிரித்ததும் சபையே எழுந்து நின்றது. தலைமையாசிரியர் பேசி முடிப்பதற்குள் மேடை விளக்கில் அவர் நெற்றி கலங்கியது. பிறகு கன்னம். பிறகு சிரிப்பு. சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், செருப்பு எல்லாம் பளிச்சென்று இருக்க, முகம் மட்டும் கறுத்துப்போனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சின்னவள் என் கையை இழுத்து, "அம்மா, அப்பா ஏம்மா மறுபடியும் போறாரு?" என்றாள்.

என்னை நீ என்ன செய்தாலும் தகும். அவள் உனக்கு என்ன செய்தாள்? நெகட்டிவையாவது திருப்பி அனுப்பு. உன் காலில் விழுகிறேன்.

தங்கை

ஏப்ரல் 2

செல்லக் கழுதைக்கு,

அடப் பாவமே! வயசாச்சு இல்லையா, குனிய முடியாமல் ஓர் இடம் விட்டுப்போயிருக்கும். அது எப்படி அளந்த மாதிரி முகத்தில் விட்டுப்போச்சு என்று கேட்பாய். நீ படித்தவள், கேட்பாய்.

நெகட்டிவ் இல்லையடி. விளக்கைப் போட்டு அவரைச் சுவரில் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். சூட்டில் சுருண்டு பொசுங்கிப்போச்சு.

ஆனால் அதற்கு முன்னாலேயே இன்னொரு படம் போட்டுவைத்தேன். அதை ஹைப்போவிலேயே குளிப்பாட்டியிருக்கிறேன். நான் போன பிறகும் சிரிப்பார். இருட்டறையில் என் நாற்காலிக்கு எதிரே நிற்கிறார். சின்னவளைக் கூட்டி வா, காட்டுகிறேன். சிவப்பு விளக்கில்தான். நீ வாசலில் நில். கதவைத் திறந்தால் வெளிச்சம் வந்துவிடும் இல்லையா?

அக்கா