ரெண்டில் எது?

மார்ச் 3

வாலுத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் அப்பாவும் நலம். உன் கடிதம் வந்து ஐந்து மாதமாகிறது. பேனா பிடித்தால் கை தேய்ந்துவிடுமா?

அகராதி அலுவலகத்தில் இந்த வாரம் 'எக்ஸ்பேட்ரியேட்' என்ற சொல் என் மேசைக்கு வந்தது. உன்னைப் போல வெளிநாட்டில் வாழ்கிறவர்களைச் சொல்வது. பழைய பொருளை முதலில் எழுதுவது எங்கள் வழக்கம். தேடிப் பார்த்தால், லத்தீன் வேரில் 'தந்தையர் நாட்டுக்கு வெளியே' என்று இருக்கிறது. ஆரம்பத்தில் ஒருவனை நாட்டைவிட்டு விரட்டுவதற்குத்தான் அந்தச் சொல். தானாக விரும்பிப் போனவன் என்பதெல்லாம் பிற்பாடு வந்தது.

சாப்பிடும்போது அப்பா வழக்கம்போல், "இன்னைக்கு என்ன வார்த்தை?" என்றார். சொன்னேன். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. "நம்ம பையன் ரெண்டுல எது?" என்று கேட்டார்.

அன்று உன்னை "வெளிய போடா" என்று கத்தினாரே, அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாக அவர் யாரையும் 'போ' என்று சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பூனை நாற்காலியில் படுத்திருந்தால்கூட நின்றுகொண்டேதான் பேப்பர் படிக்கிறார். ஒரு வரி எழுது. படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் பொய் எழுத மனம் வரவில்லை. அப்பா கத்துவதற்கு இரண்டு வாரம் முன்பே விசா என் பையில் இருந்தது. போகிறேன் என்று சொன்னால் அழுவார், தடுப்பார். அதனால் வேண்டுமென்றே அவருடைய லாரி ஓட்டும் வேலையைக் கேவலமாகப் பேசினேன். அவர் 'போ' என்று சொல்லவேண்டும் என்றே காத்திருந்தேன். சொன்னார். எனக்குச் சுலபமாகிவிட்டது.

இங்கே எல்லோரிடமும் அப்பா துரத்திவிட்டார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே.

உன் தம்பி

ஏப்ரல் 17

தம்பிக்கு,

நீ வேண்டாமென்றும் அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப நான் துரத்தலையா?" என்று கேட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "அவனை வரச் சொல்லும்மா" என்றார். உன்னை மன்னிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

என்னால் முடியவில்லை. தலை குனிந்தே அவர் நடந்த ஒன்பது வருஷத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். உனக்குப் பரிந்துகொண்டு, "நீங்கதானே அவனைத் துரத்தினீங்க" என்று எத்தனை தடவை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அதை இனி எப்படித் திரும்ப வாங்குவது?

வா. அப்பாவுக்காக வா. நீ இருக்கும் நாட்களில் நான் தோழி வீட்டில் தங்கிக்கொள்கிறேன்.

அக்கா