இவருக்குப் பதில் இவர்

வியாழன் இரவு.

சீரியலில் என் வேடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றுதான் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று போட்டார்கள். அம்மா டிவியை நிறுத்தப் போனாள்.

“இருக்கட்டும்மா, பாக்கலாம்,” என்றேன்.

புதியவள் அழும் காட்சி வந்தது. “இவளுக்கு உன்ன மாரி அழத் தெரியலடி,” என்ற அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் நன்றாகத்தான் செய்தாள். நானாக இருந்தால் ஓவென்று கத்தியிருப்பேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது எனக்குத் தோன்றியிருக்காது.

காலாப்பட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் குறும்படத்தில் ஒரு சின்ன வேடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சீரியல் நடிகைக்கு இதுவா என்று பதில் போடாமல் இருந்தேன். ‘வரேன்’ என்று இப்போது அனுப்பிவிட்டேன்.

அம்மா தூங்கியதும் கண்ணாடி முன் நின்று உதட்டைக் கடித்து அழுது பார்த்தேன். போதும் என்று நினைத்த பிறகும் அழுகை நிற்கவில்லை.