சும்மா ஆட்டிய கை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலையாதீர்கள், வாயில் போடுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஊர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆற்றங்கரையில் ஒரே வரிசையாக வீடுகள், ஒரு கடை, கடைசியில் என் ஒற்றை அறை ஆஸ்பத்திரி. மழை விட்டால் வெயில், வெயில் விட்டால் மழை. நர்ஸ் நான் ஒருத்திதான். காய்ச்சல் வந்தால் வருவார்கள், விட்டால் போய்விடுவார்கள். சாலை கிடையாது. சாயங்காலம் ஒரு படகு போகும்.

போன வாரம் ஒரு கூத்து. படித்துறையில் நின்றுகொண்டு, படகில் போகிறவர்களைப் பார்த்துச் சும்மா கையாட்டினேன். நடு ஆற்றில் போன படகு நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பிக் கரைக்கே வந்துவிட்டது!

"ஏறும்மா," என்றார் படகுக்காரர்.

"நான் எங்கயும் போகலண்ணே."

"அப்புறம் எதுக்குக் கையாட்டின? கையாட்டினா ஆள் ஏறப்போகுதுன்னுதானே திருப்பினேன்!"

படகில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து படகு போகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கொஞ்சம் ஊக்கும் ஒரு தலையணை உறையும் அனுப்புங்கள். பழைய செய்தித்தாளில் சுற்றுங்கள். நிறையவே சுற்றுங்கள், படிக்க ஆகும்.

படகுச் சத்தம் கேட்கிறது. இந்தக் கடிதத்தைப் படகுக்காரரிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டும். இன்றைக்கு நான் தாராளமாகக் கையாட்டலாம், அப்பா.

உங்கள் மகள்