தளும்பி நிற்கும் ஏரி

ஆவணி, வியாழன்.

கொள்ளிடத்தில் கடலுக்குப் போகிற வெள்ளத்தைக் குழாயில் இழுத்து, திருவெள்ளறைப் பக்கம் காய்ந்து கிடந்த ஏரியில் எங்கள் நீர்வளத் துறை சார்பில் போன வாரம் விட்டோம். ஏரிக்குள் ஏற்கெனவே ஆழக் குழிகள் தோண்டி ஜல்லி நிரப்பியிருந்தோம். தண்ணீர் அந்த வழியாகப் பூமிக்குள் இறங்கினால்தான் ஊர் போர்வெல்களில் தண்ணீர் ஊறும். திட்டமே அதுதான்.

இன்று போய்ப் பார்த்தால் ஏரி தளும்பி நிற்கிறது. இந்நேரம் பாதியாவது பூமிக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

ஊர்த் தலைவர் சிரித்துக்கொண்டே வந்தார். "நீங்க விட்ட தண்ணி வத்திக்கிட்டே போச்சு மேடம். உங்க ஆளுங்க குழிய மூடாம போயிட்டாங்க. நாங்களே களிமண் மூட்டை போட்டு அடைச்சிட்டோம். இப்பப் பாருங்க, சொட்டு இறங்கல!"

கரையில் பெண்கள் கற்பூரம் ஏற்றி, தண்ணீரில் பூ விட்டிருந்தார்கள். எனக்கு ஒரு மாலை போட்டார்கள்.

அடைத்ததை எடுக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"கண்ணால பாக்குற தண்ணிய மண்ணுக்குள்ள விடச் சொல்றீங்களா?" என்றார் ஓர் அம்மா. கோபம்கூட இல்லை. என்னைப் பார்த்துப் பரிதாபம்.

மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தேன். இவ்வளவு தண்ணீருக்கு அடியில் மூட்டையை இப்போது எடுக்க முடியாது. ஏரி காய்ந்த பிறகு எடுக்கலாம். அப்போது கொள்ளிடத்தில் வெறும் மணல்தான் இருக்கும்.

கிளம்பும்போது தாகமாக இருந்தது. தண்ணீர் கேட்டேன். தலைவர் கடையில் வாங்கிய கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்.

"போர்ல தண்ணி வரல மேடம். அதுக்கும் ஏதாச்சும் ஒரு திட்டம் போட்டுக் குடுங்க."