காரில் காத்திருந்தவன்

டொலீடோ,
4 மார்ச் 1973

மார்வினுக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. போன வாரம் நம் படத்தைப் பார்த்தேன். ‘நம்’ என்று எழுதவே கை கூசுகிறது.

இரண்டு வருடம் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினோம். என் தம்பி எர்ல் உனக்கு எதிரே இருந்து, காபி ஆறியதுகூடத் தெரியாமல், எல்லாவற்றையும் சொன்னான். அலாரம் அடித்த பிறகும் கொள்ளையடிக்க வங்கிக்குள் போன இருவருக்காகக் காரிலேயே பதினோரு நிமிடம் காத்திருந்தது, அவர்கள் பின்வாசல் வழியே ஓடியது, எட்டு வருடச் சிறையிலும் அவர்கள் பெயரை இவன் சொல்லாதது. கேட்டு நீ கண் கலங்கினாய்.

நீ இயக்கிய படத்தில் என்ன செய்திருக்கிறாய்? காரில் காத்திருப்பவன், கூட்டாளிகள் பணப்பையைக் காருக்குள் எறிந்ததும் அவர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் பறக்கிறான்!

எர்ல் தான் வேலை செய்யும் கண்ணாடித் தொழிற்சாலையில் எல்லோரிடமும், “என் கதையைப் படமா எடுக்கிறாங்க” என்று சொல்லி வைத்திருந்தான். இப்போது, “என்ன எர்ல், பைய எங்கப்பா பொதச்சு வச்சிருக்க?” என்று கேட்கிறார்கள். நாலு நாளாக வேலைக்குப் போகவில்லை. மாற்றுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

வெர்னா


லாஸ் ஏஞ்சலஸ்,
11 மார்ச்

அன்புள்ள வெர்னா,

உன் கோபம் புரிகிறது. தொழில் தெரியாதவள்போல நீ எழுதுவதுதான் புரியவில்லை. கொள்ளைப் படத்துக்கு வருகிறவர்கள் முதலில் திட்டத்தைப் பார்க்க வருகிறார்கள், அப்புறம் அதைக் கவிழ்க்கிற துரோகியை. ஒருவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதை யார் பார்ப்பார்கள்? வெளியீட்டுக்கு முன் பழைய முடிவோடு போட்டுக் காட்டிய முன்னோட்டக் காட்சியில் சலித்துப்போய் இருமினார்கள். ஸ்டூடியோ முடிவை மாற்றச் சொன்னது, மாற்றினேன். எர்ல் பெயர் படத்தில் எங்கும் இல்லையே!

உனக்கு ஆறுதலாக இருக்கும் என்றால் ஒரு செய்தி. இங்கே தியேட்டர்கள் பாதி காலி.

உன் பழைய நண்பன்,
மார்வின்


டொலீடோ,
16 மார்ச்

மார்வின்,

ஆறுதலா? யாருக்கு?

அந்த முன்னோட்டக் காட்சியில் ஐந்தாவது வரிசையில் நானும் இருந்தேன். இருமியது ஒரே ஒரு கிழவர். என் பின்னால் இருந்த பெண், “போயிடுடா, போயிடு... ஐயோ, போகாதடா” என்று முனகிக்கொண்டிருந்தாள். சலிப்படைந்தவள் அப்படியா பேசுவாள்?

படம் ஏன் விழுந்தது என்று நான் சொல்கிறேன். பெட்டகத்தை உடைப்பதைப் பார்க்கவா மக்கள் வருகிறார்கள்? ஒருவரை ஒருவர் நம்பி இறங்கியவர்கள், நிலைமை கெட்ட பிறகும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறார்களா என்று பார்க்க வருகிறார்கள். அதுவரை படம் பார்த்தவர்களும் அந்தக் காரில்தான் இருந்தார்கள். நீ அவர்களையும் சேர்த்து இறக்கிவிட்டு ஓட்டினாய். எழுந்து போகாமல் என்ன செய்வார்கள்?

வெட்டிய அந்தப் படச்சுருளை அனுப்பு. வேறு எதுவும் எழுதாதே.

வெர்னா


லாஸ் ஏஞ்சலஸ்,
29 மார்ச்

அன்புள்ள வெர்னா,

சுருளைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எழுதாதே என்றாய், ஆனாலும் இதை எழுதியாக வேண்டும்.

ஸ்டூடியோ எதையும் மாற்றச் சொல்லவில்லை. நான்தான் மாற்றினேன். எடிட்டிங் அறையில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்றாவது நிமிடமே போயிருப்பேன். அது உறைத்த பிறகு, அவன் அங்கே உட்கார்ந்திருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

புதிய கதை ஒன்று இருக்கிறது. நீ இல்லாமல் எனக்கு எழுத வராது. மன்னித்து வருவாயா?

மார்வின்


டொலீடோ,
9 ஏப்ரல்

மார்வின்,

தியேட்டர் ஆபரேட்டரிடம் கெஞ்சி, ஞாயிறு காலை அந்தச் சுருளை ஓட்டச் சொன்னேன். தொழிற்சாலையிலிருந்து இருபது பேரை நானே கூட்டி வந்தேன். எர்ல் கடைசி வரிசையில், தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். முடிந்து விளக்கு போட்டதும் யாரும் எழுந்திருக்கவில்லை. பையைப் பற்றிக் கேலி செய்த அதே ஆள் திரும்பிப் பார்த்து, “கிறுக்கா, பதினோரு நிமிஷமாடா?” என்றான். எர்ல், “உள்ள ஆள் இருக்கிறப்போ எப்படிடா போறது?” என்றான். மறுநாள் வேலைக்குப் போனான்.

“அந்தாளுக்கு நன்றின்னு எழுதுக்கா” என்றான். எழுதிவிட்டேன். அது அவனுடைய நன்றி. என்னுடையது இல்லை.

நீ உண்மையைச் சொன்னாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ மூன்றாவது நிமிடமே போயிருப்பாய் என்று தெரிந்த பிறகு உன்னோடு ஒரே மேசையில் உட்கார என்னால் முடியாது. உன் புதிய கதையை நீயே எழுது.

வெர்னா ஸ்டோக்லி