கருந்தேளுக்குக் கைதட்டாதீங்க

புவெப்லா,
6 மார்ச் 1979

என் பரம எதிரி எவரிஸ்தோவுக்கு,

கருந்தேள் நாபோர் எழுதிக்கிறது. நான் சௌக்கியம், முட்டி ரெண்டும் சௌக்கியமில்ல. நீ குண்டாயிட்டேன்னு கேள்விப்பட்டேன், சந்தோசம்.

நாலு தெரு தள்ளி இருந்துக்கிட்டு தபால்தலை ஒட்டுற கூத்து நம்ம மல்யுத்தத் தொழில்ல மட்டுந்தான் நடக்கும். கோதாவுல கெட்டவனா வர்றவனும் நல்லவனா வர்றவனும் வெளிய ஒண்ணா நிக்கிறத எவனாச்சும் பாத்தா அப்புறம் டிக்கெட் விக்காது. இருபத்தாறு வருசமா உன் வீட்டுப் படிய மிதிச்சதில்ல. நீ வெள்ளிப் பருந்து, ஊருக்குச் செல்லம். நான் உன் கண்ணுல மிளகாப்பொடி போட்ட பாவி.

இப்ப நீ கோதாவ விட்டு எறங்கி, எவன் ஜெயிக்கணும் எவன் தோக்கணும்னு கதை எழுதுற ஆளாயிட்ட. அதனால உன்கிட்டதான் முறையிடணும்.

மூணாவது வரிசை ரெஃபுகியோ அம்மாவத் தெரியும்ல? இருபது வருசமா கொண்டை ஊசியால என் தொடையக் குத்துற புண்ணியவதி. நேத்து நான் கயித்துக்கு வெளிய விழுந்தேன். ஓடியாந்தா. வழக்கம்போல தொடையக் காட்டினேன். "மெதுவா எந்திரிப்பா, வயசாச்சுல்ல"ன்னு சொல்லி முட்டிக்குத் தைலம் குடுத்துட்டுப் போறா.

பங்காளி, என் மானம் போச்சு. பசங்க "தாத்தா, தாத்தா"ன்னு கைதட்டுறானுங்க. ஏப்ரல் முப்பதோட நிறுத்திக்கிறேன். ஊரே காறித்துப்புற மாதிரி கடைசியா ஒரு கதை எழுதிக் குடு.

உன்ன அடிச்சே பொழச்ச
நாபோர்

*

12 மார்ச்

அன்பு நாபோர்,

எல்லாம் வாசிச்சேன். எனக்கும் முடியல. பதினெட்டுப் பேர வச்சு வாராவாரம் அஞ்சு சண்டை எழுதுறேன், ஒருத்தனும் தோக்க ஒத்துக்க மாட்டேங்குறான். ஜெயிக்கிறவனும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறான்.

உன் கதைய முடிவு பண்ணிட்டேன். முப்பதாம் தேதி உன் கூட்டாளிங்க ரெண்டு பேரும் பாதி சண்டையில உன்மேலயே பாய்வானுங்க. நான் கோட்டு போட்டுக்கிட்டு கோதா ஏறி அவனுங்கள விரட்டிட்டு உன் கையத் தூக்குவேன். சனம் அழும். நீ நல்லவனாப் போயிச் சேரு.

டிக்கெட் விக்கணும்னு நம்ம அரங்கத்து முதலாளிக்காக மட்டும் சொல்லலடா. நீ நல்லவனாயிட்டா, மறுநாள் காலையில சந்தையில ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து மோலே குழம்பு ஊத்தின கோழி சாப்பிடலாம், பட்டப்பகல்ல. என் வீட்டுக்காரி ஒஃபெலியாவ அடக்கம் பண்ணுன அன்னிக்கு நீ கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் நின்னது எனக்குத் தெரியும். தொப்பி மட்டும் தெரிஞ்சுது. இனிமே அப்படி நிக்காத.

எவரிஸ்தோ

*

2 ஏப்ரல்

பங்காளிக்கு,

மூணு வாரம் பதில் போடல. கோவம்தான். தேளப் போயி நாய்க்குட்டி ஆக்குறியேன்னு.

சரி, உன் இஷ்டம், என் கையத் தூக்கிக்க. ஆனா சிரிச்ச மூஞ்சி எனக்கு வரல. கண்ணாடி முன்னால நின்னு பழகினேன். பல்வலிக்காரன் மாதிரி இருக்கு. சந்தைக்கு வரும்போது நீ வயித்த உள்ள இழுத்துக்கிட்டு வா, பெஞ்சு தாங்கணும்.

ஒஃபெலியா பத்தி எழுதாத. அப்புறம் நான் எப்படிக் கெட்டவனா இருக்குறது.

நாபோர்

*

2 மே

எவரிஸ்தோ,

நேத்து நீ சந்தைக்கு வந்திருக்க மாட்ட. நானும் போகல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது.

நான் திட்டம் போட்டு வரல, நம்புனா நம்பு. நீ என் கையத் தூக்கின. மொத்தச் சனமும் எந்திரிச்சுத் தட்டுச்சு. அது என்ன தட்டுத் தெரியுமா? ஆஸ்பத்திரியில நோயாளி ரெண்டடி நடந்தா பக்கத்துக் கட்டில்காரன் தட்டுவானே, அந்தத் தட்டு. கை தானாப் போயிருச்சு. உன் காதோட சேத்து ஒரு அறை விட்டேன். நீ விழுந்த பிறகும் மிதிச்சேன்.

அப்புறம் நாற்காலி பறந்துச்சு பாரு. போலீசுக்காரனுங்க நாலு பேரு என்னப் பொத்திக் கூட்டிட்டுப் போனானுங்க. என் காரக் கவுத்துட்டானுங்க. இருபது வயசு கொறஞ்சாப்ல இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் நீ ஒதடு கடிச்சுக்கிட்டுக் கிடந்தது ஞாபகம் வந்துச்சு. ரொம்ப வலிச்சுதா?

நாபோர்

*

9 மே

நாபோர்,

இடது காது கேக்கல. சவ்வு கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. வலது காது நல்லாயிருக்கு, அதுலதான் ஊரு உன்னத் திட்டுறதக் கேக்குறேன். ரொட்டிக்கடைக்காரன் என்னக் கட்டிப் பிடிச்சு அழுதான். பாதிரியாரே உன்னப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரு, எழுத முடியாது.

கேட்டது உனக்குக் கெடச்சிருச்சு. இத இனி நாம கெடுக்கக் கூடாது. வீட்டுப் பக்கம் வராத. சந்தைக்கு நான் போற செவ்வாக்கெழமை நீ போகாத. நான் செத்தாலும் வராத. தபாலும் வேண்டாம், தபால்காரனுக்கு உன் கையெழுத்து தெரிஞ்சிருக்கு.

ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். கை தானாப் போச்சுன்னு எழுதியிருக்க. இருபத்தாறு வருசமா உன் தோள் அசையிறதப் பாத்துப் பொழச்சவன் நான். சனம் தட்ட ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. உன் கைய விட்டுட்டு, மூக்குக் கண்ணாடியக் கழட்டிக் கோட்டுப் பையில வச்சுக்கிட்டு நின்னேனே, எதுக்குன்னு நெனச்ச?

எவரிஸ்தோ